சுழி பார்த்தாச்சு, காது பார்த்தாச்சா?

மாடு வாங்கப் போகிறவர்கள் சுழி பார்ப்பதை நான் கிண்டல் செய்வதில்லை. சுழி பார்க்கிற சாக்கில் ஒருத்தர் மாட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார். முதுகைத் தடவுகிறார், வாலைத் தூக்குகிறார், வாயைப் பிளந்து பல் எண்ணுகிறார், நாலு காம்பிலும் பால் இழுத்துப் பார்க்கிறார். கல்லூரியில் எனக்கு உடற்பரிசோதனை என்று சொல்லிக் கொடுத்ததில் பாதி இதிலேயே முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை திருநெல்வேலி மேலப்பாளையம் சந்தையில் போய் நின்று பாருங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால் மாட்டை எத்தனை தரம் நடத்திப் பார்க்கிறார்கள் என்று தெரியும். நொண்டி, மடிநோய், தேய்ந்த பல் எல்லாம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அங்கே மாட்டிக்கொள்ளாத ஒன்று இருக்கிறது. நல்ல உயரம், பளபளவென்று தோல், குறையே சொல்ல முடியாத மாடு. ஆனால் பிறந்த நாளிலிருந்து சாகிற நாள் வரைக்கும் மூச்சிலும் எச்சிலிலும் மூத்திரத்திலும் சாணியிலும் பி.வி.டி. என்கிற கழிச்சல் நோய் வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கும். தொழுவில் பக்கத்தில் நிற்கிற மாடுகளுக்குத்தான் கேடு.

அரசு மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் நான். இப்போது சேரன்மகாதேவி, பத்தமடை, முக்கூடல் பக்கம் கூப்பிடுகிற வீடுகளுக்குப் போய் வருகிறேன். யாராவது 'பெங்களூர் மாடு' இறக்கினால் எனக்கு போன் வந்துவிடும். பெங்களூர் மாடு என்றால் கோலார், சிந்தாமணி பக்கத்திலிருந்து லாரி ஏறி வருகிற எச்.எப். (ஹோல்ஸ்டீன் ப்ரீசியன்) கலப்பு. கடல் தாண்டி வருகிற மாட்டுக்குச் சென்னை பள்ளிக்கரணையில் மத்திய அரசின் தனிமைப்படுத்தும் நிலையம் இருக்கிறது, 1898-லிருந்து சட்டமும் இருக்கிறது. ஓசூர் வழியாக ராத்திரியோடு ராத்திரியாக வருகிற மாட்டுக்கு வாங்குகிறவர் கண்தான் சோதனைச்சாவடி.

முக்கூடல் அண்ணாச்சி ஒருத்தர் போன வருசம் ஆறு கிடேரி இறக்கினார். எல்லாம் தலை ஈத்து, அஞ்சு மாசச் சினை. இறக்கிய அன்றே வாட்ஸப்பில் ஒரு ரிப்போர்ட் அனுப்பினார். விற்றவர் கொடுத்தது. ரத்தம் எடுத்து பி.வி.டி. எதிரணு (நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற 'ஆன்டிபாடி') சோதனை செய்திருந்தார்கள். நாலு நெகட்டிவ், ரெண்டு பாசிட்டிவ். கூடவே குரல் பதிவு: "டாக்டரம்மா, அந்த ரெண்டையும் திருப்பி அனுப்பிரவா? மத்த நாலும் சுத்தம்லா?"

"அண்ணாச்சி, ஒண்ணையும் அனுப்பாதீங்க. அந்த நாலும் சுத்தமான்னு இந்தப் பேப்பர் சொல்லாது" என்றேன். அவருக்குக் கோபம். காசு கொடுத்து எடுத்த பரிசோதனை ஆயிற்றே!

பி.வி.டி. என்கிற மாட்டு வைரஸ் கழிச்சல் நோயை முதன்முதலாக 1946-ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து மாடுகளில் கண்டு எழுதினார்கள். வளர்ந்த மாட்டுக்கு வந்தால் பெரும்பாலும் லேசான காய்ச்சல், ரெண்டு நாள் தீவனம் எடுக்காது, கொஞ்சம் கழியும். நாமும் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவோம். ரெண்டு வாரத்தில் உடம்பு வைரஸை விரட்டிவிடும், எதிரணுவும் உண்டாகிவிடும். இதோடு முடிந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை.

சினை மாட்டுக்கு வந்தால் கதை வேறு. மாட்டின் சினைக்காலம் சுமார் 280 நாள். அதில் ஏறத்தாழ 40-ஆவது நாளிலிருந்து 120-ஆவது நாளுக்குள் தாய்க்குத் தொற்றினால், வைரஸ் கருவுக்குள் போய்விடும். அந்தச் சமயத்தில்தான் கன்றின் நோய் எதிர்ப்பு மண்டலம் எது தன்னுடையது, எது அந்நியம் என்று பிரித்தறியக் கற்றுக்கொண்டிருக்கும். ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்த நாளில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் பேரையும் குடும்பத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டு போன கதைதான். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அவனை யாரும் யார் என்று கேட்பதில்லை. கன்றின் உடம்பு அந்த வைரஸைத் தன்னுடையதென்றே வைத்துக்கொள்ளும். அதை எதிர்த்து எதிரணு உண்டாக்காது. இப்படிப் பிறந்ததைத்தான் நிலைத்தொற்று மாடு என்கிறோம்.

இப்போது அண்ணாச்சியின் பேப்பருக்கு வருவோம். நிலைத்தொற்று மாட்டில் எதிரணு இருக்காது. எதிரணு சோதனையில் அது நெகட்டிவ் என்றுதான் வரும். நாம் பிடிக்க வேண்டிய மாடே 'சுத்தம்' என்ற சான்றிதழோடு லாரியில் ஏறிவிடும். பாசிட்டிவ் வந்த ரெண்டும் எப்போதோ நோய் வந்து தேறியவை, அவை திரும்ப வைரஸை உமிழப் போவதில்லை. தேட வேண்டியது எதிரணுவை அல்ல, வைரஸை. அதற்கு வைரஸின் புரதத்தையே பிடிக்கிற ஆன்டிஜன் எலிசா இருக்கிறது, ஆர்.டி.-பி.சி.ஆர். இருக்கிறது. பேப்பரில் 'ஆன்டிபாடி' என்று போட்டிருக்கிறதா, 'ஆன்டிஜன்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலை பேசும்போது அந்த ஒரு வார்த்தையை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், அதே பேப்பரில் அடுத்த வரி ஐ.பி.ஆர். அது மூக்கு, மூச்சுக்குழாய் நோய், ஹெர்பிஸ் வகை வைரஸ். அதில் கணக்கு தலைகீழ். ஒரு தரம் வந்த வைரஸ் முகத்துக்குப் போகிற நரம்பின் முடிச்சில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். லாரிப் பயணம், ஈற்று, வேறு காய்ச்சல் என்று உடம்பு தளர்கிறபோது மறுபடி வெளியே வரும். தடுப்பூசி போடாத மாட்டுக்கு ஐ.பி.ஆர். எதிரணு பாசிட்டிவ் என்றால் அது ஆயுசுக்கும் சுமக்கிற மாடு. மேல் வரியில் எதிரணு இருந்தால் பயமில்லை, கீழ் வரியில் எதிரணு இருந்தால் பயம். படித்த பிள்ளைகளே இதைத் தடுமாறித்தான் படிக்கிறார்கள். ரெண்டுக்கும் சேர்த்து 'ஓகே' என்று ஒரே முத்திரை குத்திக் கொடுக்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணாச்சியின் கோபம் அடங்கியதும் ஆறு கிடேரியின் காதிலும் மாதிரி எடுத்தோம். ரத்தத்தைவிடக் காது எனக்குப் பிடிக்கும். நிலைத்தொற்று மாட்டின் தோலிலும் மயிர்க்கால்களிலும் வைரஸ் நிறைந்திருக்கும், காது மடலில் அரிசி அகலத்துக்கு ஒரு வெட்டு போதும். வெட்டுக் கருவியை ஒவ்வொரு மாட்டுக்கும் கழுவித் துடைத்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு மாட்டின் சதைத் துணுக்கு அடுத்த குப்பிக்குள் போனால் நல்ல மாட்டுக்குக் கெட்ட பேர் வந்துவிடும். வெட்டும்போது மாடு தலையை ஒரு சிலுப்பு சிலுப்பும், ரெண்டு சொட்டு ரத்தம் வரும், அவ்வளவுதான். அண்ணாச்சி வீட்டு அக்கா மஞ்சள் பொடிக் கிண்ணத்தோடு வரிசையாக என் பின்னாலேயே வந்தார்கள். ஒவ்வொரு காதிலும் அப்பிவிட்டு, "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல" என்று கழுத்தைச் சொறிந்துவிட்டார்கள். துணுக்குகள் ஐஸ் பெட்டியில் பெங்களூரில் உள்ள ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் போயின.

ஆறும் நெகட்டிவ். அண்ணாச்சிக்கு மறுபடி கோபம். "அப்பமே சொன்னேம்லா!" இந்தத் தரம் சிரித்துக்கொண்டே.

"அண்ணாச்சி, வயித்துல இருக்கதுக்கு யாரு காது வெட்டுனா?"

சினை மாடு வாங்குகிறவர் ரெண்டு மாடு வாங்குகிறார். ஒன்றைத்தான் பரிசோதிக்க முடிகிறது. தாய்க்கு ரெண்டு, மூணு மாசச் சினையில் தொற்று வந்து தேறியிருக்கலாம். அப்போது அவள் ரத்தத்தில் எதிரணு இருக்கும், வைரஸ் இருக்காது. காது சோதனையில் உத்தமி. உள்ளே இருக்கிற கன்றோ நிலைத்தொற்று. நாலு விற்பனையாளர்களின் மாடுகள் ஒரே கயிற்றில் நிற்கிற சந்தையில் இளஞ்சினையாய் நின்றாலே இதற்குப் போதும். அண்ணாச்சியின் கிடேரிகள் இங்கே வந்து இறங்கியபோது அஞ்சு மாசம். ஆபத்தான காலம் அங்கேயே முடிந்துவிட்டது. நடந்திருந்தால் நடந்திருக்கும். முப்பது நாள் தனியாகக் கட்டிப்போட்டாலும் இது வெளியே தெரியாது. தனிமையில் வைத்தால் கோமாரி தெரியும், காய்ச்சல் தெரியும். ஆறாத ஒன்றுக்கு முப்பது நாள் என்ன, முன்னூறு நாள் என்ன. அதற்காகத் தனியாகக் கட்டவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மற்ற நோய்களுக்கு மூணு, நாலு வாரம் கட்டாயம் வேண்டும்.

அந்த எதிரணு பாசிட்டிவ் வந்த ரெண்டு கிடேரிகளின் மேல்தான் என் கண் இருந்தது. தேறியவை என்றால், எப்போது தேறியவை? சினைக்கு முன்பா, சினையிலா? பேப்பர் சொல்லாது.

மாசி, பங்குனியில் ஒவ்வொன்றாக ஈன்றன. கன்றுக்கு ரத்தம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சீம்பால் குடித்த கன்றின் ரத்தத்தில் தாயின் எதிரணுக்கள் வந்து, ரெண்டு மூணு மாசத்துக்கு ஆன்டிஜன் எலிசாவின் கண்ணை மறைத்துவிடும். காது வெட்டில் அந்தத் தொல்லை குறைவு. (சீம்பாலில் பாதி நம்ம ஊரில் கருப்பட்டி போட்டு ஆவியில் வெந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்விடுகிறது. கன்றுக்குப் போதுமானது குடித்த பிறகு எனக்கும் ஒரு கிண்ணம் வந்தால் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.) ஆறு கன்றின் காதும் போயிற்று. அஞ்சு நெகட்டிவ். அந்த ரெண்டு தாய்களில் ஒன்றின் காளைக்கன்று பாசிட்டிவ்.

ஒரு தரம் பாசிட்டிவ் என்றால் தற்காலிகத் தொற்றாகவும் இருக்கலாம். அதனால் அன்றைக்கே பிரித்துக் கட்டிவிட்டு மூணு வாரம் கழித்து மறுபடி வெட்டினோம். மறுபடி பாசிட்டிவ்.

கன்று அழகாக இருந்தது. அதுதான் கஷ்டம். நெற்றியில் வெள்ளை, துள்ளிக்கொண்டு கயிற்றை இழுக்கும். இவற்றில் சில பிறக்கும்போதே சவலையாய் இருக்கும். கருவில் கொஞ்சம் பிந்தித் தொற்றிய கன்றுகளில் சில சிறுமூளை வளராமல் தள்ளாடும், கண் தெரியாது. அப்படியிருந்தால் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். நிலைத்தொற்றுக் கன்றுகளில் பாதிக்கு மேல் ரெண்டு வயசைத் தாண்டாது. அதே வைரஸ் உள்ளேயே உருமாறினால் வாய், குடலெல்லாம் புண்ணாகிச் சாகும், அதற்கு மருந்து கிடையாது. மீதி வளர்ந்து பருவத்துக்கும் வரும். கிடேரியாக இருந்து ஈன்றால் அதன் ஒவ்வொரு கன்றும் நிலைத்தொற்றுதான். காளையாக வளர்ந்து ஊருக்குப் பொலிகாளையாகப் போனால் எத்தனை தொழு என்று யோசியுங்கள்.

அண்ணாச்சி முதலில் சொன்னது, "மேலப்பாளையத்துல குடுத்துருதேன்." அடுத்த செவ்வாய்க்கிழமை அது இன்னொருத்தர் தொழுவில் நிற்கும் என்றேன். அவர் நல்ல மனுசன், அதை விட்டுவிட்டார். ஆனால் அடுத்து சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது: "அப்பம் கோயிலுக்கு நேந்து விட்டுருதேன் டாக்டரம்மா. புண்ணியமாவது கெடைக்கும்."

நம்ம பக்கத்துக் கோயில் தொழுக்களில் யார் யார் விட்ட மாடுகளோ நிற்கின்றன. கிடேரி இருக்கும், இளஞ்சினை இருக்கும், எதற்கும் கணக்கு இருக்காது. ஒரு வைரஸைப் பரப்ப அதைவிடத் தோதான இடத்தை நானே உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். நேர்ந்து விடுவதில் எனக்கு மறுப்பில்லை, விடுகிற மாட்டைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன். சாமிக்குக் கொடுப்பதைக் கழித்துக் கட்டுவதற்குக் கொடுக்கலாமா என்று அக்காதான் கேட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. கன்று இப்போது ஆற்றங்கரைப் பக்கம் அவருடைய வாழைத்தோட்டத்தில் தனியாக நிற்கிறது. பக்கத்தில் மாடு இல்லை. ஆடும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், ஆடுகளுக்கும் இது தாவும். காயடித்தாகிவிட்டது. நன்றாகத்தான் தின்கிறது.

அது தொழுவில் நின்ற நாட்களில் பழைய மாடுகளில் ரெண்டு இளஞ்சினை. ஒன்று திரும்பப் பருவத்துக்கு வந்துவிட்டது. 40 நாளுக்கு முந்திய கருவை இந்த வைரஸ் கலைத்துவிடும்தான், ஆனாலும் அதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பங்குனி வெயிலுக்கே சினை நிற்காமல் போகும். இன்னொன்று ஈன்ற கன்றின் காது சுத்தம்.

"ஊசி போட்ட சினைதானே, அதுல எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. விந்துக்குச்சி திரவ நைட்ரஜனில் கழித்தல் 196 டிகிரியில் இருக்கிறது. அந்தக் குளிர் விந்தணுவைப் போலவே வைரஸையும் பத்திரமாக வைத்திருக்கும். அதனால்தான் மத்திய அரசின் நெறிமுறையில் விந்து நிலையத்துக் காளைகளுக்குக் காசநோய், ஜோனீஸ், கன்று வீச்சு நோய் இவற்றோடு ஐ.பி.ஆரும் பி.வி.டி.யும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மருந்தகத்தில் போடுகிற ஊசிக்குப் பின்னால் இப்படி ஒரு வடிகட்டி இருக்கிறது. தெருவில் நடத்திவருகிற பொலிகாளைக்கு இல்லை.

இந்த வைரஸ் மாட்டோடுதான் எல்லை தாண்ட வேண்டும் என்றும் இல்லை. இதில் ஹோபி வகை என்று ஒன்றை, பிரேசிலிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கன்றுக்கரு சீரப் பாட்டிலில்தான் முதலில் கண்டார்கள். ஆய்வகங்களில் செல் வளர்க்கப் பயன்படுகிற சீரம் அது. பிறகு அதே வகை நம் நாட்டு மாடுகளிலும் தென்பட்டது. 1999-ல் நெதர்லாந்தில் ஐ.பி.ஆருக்குப் போட்ட தடுப்பூசியிலேயே பி.வி.டி. வைரஸ் கலந்து போய் மாடுகள் சீக்கானது.

வெளிநாட்டில் இதை ஒழிக்க முடிந்ததா என்றால், முடிந்த இடங்கள் இருக்கின்றன. நார்வே, ஸ்வீடன், டென்மார்க் மூன்றும் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, நிலைத்தொற்று மாடுகளைத் தேடித் தேடி நீக்கின. சுவிட்சர்லாந்து 2008-ல் நாட்டு மாடு முழுவதையும் சோதித்தது. ஜெர்மனியில் 2011-லிருந்தும் அயர்லாந்தில் 2013-லிருந்தும் பிறக்கிற கன்றுகளுக்கெல்லாம் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே ஒரு வசதி செய்தார்கள்: காதில் அடையாள வில்லை குத்தும்போதே, குத்துகிற ஊசி ஒரு துளித் தோலையும் எடுத்துக் குப்பிக்குள் போட்டுவிடும். வில்லை எண்ணும் குப்பி எண்ணும் ஒன்றே.

நம் மாடுகளுக்கும் 12 இலக்க மஞ்சள் வில்லை குத்துகிறோம், காதில் ஓட்டை போடத்தான் செய்கிறோம். அந்த ஒரு துளித் தோல்தான் குப்பிக்குள் போவதில்லை. எல்லா மாட்டுக்கும் உடனே செய்ய முடியாது, எனக்குத் தெரியும். வெளி மாநிலத்திலிருந்து கூட்டமாக வாங்கி வருகிற மாட்டுக்கும், அது இங்கே ஈனுகிற முதல் கன்றுக்குமாவது செய்யலாம். நம் அரசு போடுகிற தடுப்பூசி வரிசையில் இந்த நோய்க்கு ஊசி இல்லை. ஆகவே பார்த்து வாங்குவதுதான் இருக்கிற ஒரே வேலி. காது சோதனைக்கு அண்ணாச்சிக்கு ஒரு மாட்டுக்கு ஆன செலவு கிட்டத்தட்ட ஒரு மூட்டைத் தீவன விலை.

இந்த ஐப்பசியில் அவர் மறுபடி மாடு பிடிக்கிறார். நான் மூணு விஷயம் கேட்டேன். சினை மாடு வேண்டாம், வெறுங்கிடேரியாக எடுத்து வந்து இங்கே சினைக்குப் போடலாம். காது வெட்டு அங்கேயே நடக்க வேண்டும், ரிப்போர்ட் வந்த பிறகுதான் லாரி ஏற வேண்டும். வந்ததும் பழைய மாட்டோடு சேர்க்காமல் தோட்டத்துக் கொட்டகையில், அதாவது வாழைத்தோட்டத்தில் இல்லை, ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறதே அதில், நாலு வாரம்.

தரகர் ஸ்பீக்கரில் பேசினார். தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு. "காது வெட்டுன மாட்ட நீங்க வேணாம்னு சொல்லிட்டா, அப்பறம் எவன் வாங்குவான்? காதுல மூளிங்க, அது பெரிய குத்தம்ங்க."

"வில்லை குத்துற எடத்துலயே எடுங்க. யாருக்கும் தெரியாது" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒத்துக்கொண்டார். பரிசோதனைக் காசு யார் தருவது என்பதில்தான் இன்னும் இழுபறி. அண்ணாச்சி பாதிக்குப் பாதி என்கிறார். தரகர் முழுசும் வாங்குகிறவர் தலையில்தான் என்கிறார், கூடவே பாசிட்டிவ் வந்தால் அந்த மாட்டுக்கு ஆன தீவனக் காசும் வேண்டுமாம்.